பழமார்நேரியில் பிறந்த கதைக்காரர்

தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா குழந்தைகளே? சுமார் 25 கிலோ மீட்டர்தான். ஜன்னலோர சீட் கிடைத்தால் ஒரு விளையாட்டு விளையாடலாம். வழியில் எங்காவது ஒரு குன்று தெரிகிறதா, ஒரு பெரிய பாறை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். முதலில் பார்ப்பவருக்குக் கடலை மிட்டாய்!

கடைசி வரை யாருக்கும் மிட்டாய் கிடைக்காது. வயல் வரும், வாய்க்கால் வரும், மதகு வரும், தென்னந்தோப்பு வரும். பாறை மட்டும் வராது. எல்லாம் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இது நமக்குத் தேவைப்படும்.

திருக்காட்டுப்பள்ளி காவிரியின் தென்கரையில் இருக்கும் ஊர். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கல்லணை. காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரிவது இந்த ஊர்ப் பக்கத்தில்தான். அக்னீஸ்வரர் கோயில், ஆற்றங்கரை, கடைத்தெரு என்று இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு அருகில் பழமார்நேரி என்று ஒரு கிராமம். தமிழில் 200-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ஒருவர் அங்கேதான் பிறந்தார். அவர் பெயர் பாலகுமாரன். பிறந்த தேதி 1946-ஆம் ஆண்டு ஜூலை 5.

வீட்டில் அம்மாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள். "ஓ, பாலகுமாரனா! வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்தேனே!" என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சென்னையில் பெரிய வழக்கறிஞராகவும், சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் இருந்த சர் பி.எஸ். சிவசாமி ஐயரின் பெயரில் வரும் 'பி' என்ற எழுத்து பழமார்நேரியைத்தான் குறிக்கிறது! திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளியே இருக்கிறது. அவர் மறைந்ததும் 1946-இல்தான். ஒரே வருடத்தில் ஒருவர் மறைய, இன்னொருவர் பிறந்திருக்கிறார்.

அம்மா தந்த தமிழ்

பாலகுமாரனின் அம்மா பெயர் சுலோசனா. அவர் தமிழ் ஆசிரியை. சங்கப் பாடல்கள் அவருக்கு மனப்பாடம். குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டதால், சிறுவன் பாலகுமாரன் ராயப்பேட்டையில் உள்ள வெஸ்லி பள்ளியில் படித்தான்.

நன்றாகப் படித்தானா? அதுதான் இல்லை! படிப்பில் அவன் சுமார்தான். அப்பாவுடனும் ஒத்துப்போகவில்லை. பிற்காலத்தில் இதையெல்லாம் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மார்க் குறைந்து வரும் பையனுக்கு அந்த நாட்களில் வீட்டில் என்ன மரியாதை கிடைத்திருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். (இந்த நாட்களில் மட்டும் என்ன கிடைக்கிறது என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது!)

பையன் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அம்மா பழந்தமிழ்ப் பாடல்களைச் சொல்லுவார். பரீட்சைக்காகச் சொல்லிக் கொடுத்த பாடம் இல்லை அது. ஒருவர் துக்கத்தில் இருக்கும்போது, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இன்னொருவர் அதே துக்கத்தை எப்படிச் சொன்னார் என்று எடுத்துக் காட்டுவது. தமிழ் என்பது மார்க் வாங்கும் பாடம் மட்டும் இல்லை, பேச்சுத்துணையாக வரும் ஓர் ஆள் என்பது அந்தப் பையனுக்கு இப்படித்தான் தெரிய வந்தது.

அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. என்றாலே அதுதான். அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போக வசதியோ மார்க்கோ இல்லாதவர்கள் எங்கே போவார்கள் தெரியுமா? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்!

டக்... டக்... டக்...

இன்றைக்கு மூலைக்கு மூலை கம்ப்யூட்டர் சென்டர் இருப்பதுபோல அன்றைக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்கள் இருந்தன. காலை ஆறு மணிக்கே மெஷின்கள் தட்டும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். கூடவே சுருக்கெழுத்தும் படிப்பார்கள். அதிகாரி பேசப் பேச, கோடும் வளைவும் புள்ளியுமாக நோட்டில் கிறுக்கிக்கொண்டு, பிறகு அதையே முழு வாக்கியமாக டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலை செய்பவருக்கு ஸ்டெனோ என்று பெயர்.

1964-இல், பதினெட்டு வயதில், சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் பாலகுமாரன் ஸ்டெனோவாகச் சேர்ந்தார்.

ஸ்டெனோ வேலைக்கு மிகவும் முக்கியமான உறுப்பு எது? விரல் என்பீர்கள். காது! யார் என்ன சொன்னாலும், சொன்ன சொல் மாறாமல் பிடிக்க வேண்டும். அதிகாரி எந்த இடத்தில் தயங்குகிறார், எந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், கோபம் வந்தால் வாக்கியம் எப்படி உடைகிறது என்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பின்னாளில் 'நாயகன்' (1987), 'குணா' (1991), 'பாட்ஷா' (1995) போன்ற படங்களுக்கு வசனம் எழுதியது இதே பாலகுமாரன்தான். பாட்ஷாவில் ஆட்டோக்காரர் பேசுவதை உங்கள் வீட்டில் எத்தனை பேர் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்! அந்த ஸ்டெனோ காதுக்கும் இந்த வசனத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் ஊகம்.

இதற்கிடையில் அவர் கவிதை எழுதத் தொடங்கியிருந்தார். 1970-இல் சென்னையில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு பத்திரிகை ஆரம்பித்தார்கள். அதற்கு வைத்த பெயரைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 'கசடதபற'! ஆமாம், இலக்கண வகுப்பில் படிக்கிறீர்களே, அந்த ஆறு வல்லின எழுத்துகள்தான். "நாங்கள் மென்மையாகப் பேச மாட்டோம், அழுத்தமாகத்தான் பேசுவோம்" என்று சொல்லாமல் சொன்ன பெயர். அதில் எழுதிய ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி எல்லோருமே மாயவரம் பக்கத்துக்காரர்கள். காவிரித் தண்ணீர் குடித்துவிட்டுச் சென்னைக்கு வந்து வேலை தேடியவர்கள். அந்தக் கூட்டத்தில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரரான பாலகுமாரனும் சேர்ந்துகொண்டார்.

வயலுக்கு வந்த இரும்பு மாடு

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1960-களில் தஞ்சை வயல்களில் பெரிய மாற்றம் நடந்தது. அரசாங்கத்தின் தீவிர விவசாயத் திட்டம் இந்த மாவட்டத்துக்கு வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 'ஆடுதுறை 27' என்ற புது நெல் ரகம் வந்தது. உரமூட்டைகள் வந்தன. ஏர் பூட்டி மாட்டை ஓட்டிய வயலில் மெல்ல மெல்ல டிராக்டர் இறங்கத் தொடங்கியது.

நெல் விளையும் ஊரில் பிறந்த பாலகுமாரனோ, நகரத்தில் அந்த டிராக்டரைத் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்! ஊரில் ஒரு டிராக்டர் வந்தால் குழந்தைகள் பின்னாலேயே ஓடுவார்கள். மாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வரவேற்பார்கள். அந்த டிராக்டருக்கு போல்ட் முடுக்கியவர் யார், பெயின்ட் அடித்தவர் யார், அவருக்கு என்ன சம்பளம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பாலகுமாரனுக்குத் தெரியும். தினமும் பார்த்துக்கொண்டிருந்தாரே!

1970-களில் சென்னைத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். சம்பளம் கூட்டிக் கேட்பார்கள். போனஸ் கேட்பார்கள். தொழிலாளர்கள் சேர்ந்து சங்கம் வைத்துக்கொள்வார்கள். அதை யூனியன் என்பார்கள். கேட்டுக்கு வெளியே கூட்டம், கோஷம், கொடி. உள்ளே ஓசையில்லாமல் நிற்கும் இயந்திரங்கள். வேலைநிறுத்தம் நீண்டால் மாதச் சம்பளம் வராது. வீட்டில் அரிசி டின் காலியாகும். மளிகைக்கடைக்காரர் கடன் தர மாட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் உங்கள் வயதுப் பிள்ளைகள் நிற்பார்கள்.

இதைத்தான் பாலகுமாரன் தன் முதல் நாவலில் எழுதினார். 'மெர்க்குரிப் பூக்கள்' என்று பெயர். 'சாவி' வார இதழில் தொடராக வந்தது. ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடக்கிறது. ஒரு தொழிலாளி உயிரை இழக்கிறார். மறுநாள் பேப்பரில் அது ஒரு சின்னச் செய்தி. ஆனால் அவர் வீட்டில்? அந்த மனைவிக்கு என்ன ஆகிறது, கூட வேலை செய்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கதை போகிறது. ராஜா இல்லை, மந்திரவாதி இல்லை, துப்பறியும் நிபுணர் இல்லை. காலை ஷிப்ட்டுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு போகிறவர்கள்தான் பாத்திரங்கள். பஸ்ஸில் நம் பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றி ஒருவர் இப்படி எழுதுகிறாரே என்று படித்தவர்களுக்கு ஆச்சரியம்!

லாரியும் குதிரையும்

டிராக்டர் செய்தால் போதுமா? அதை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டாமா? அதற்கு லாரி வேண்டும். லாரி என்றால் டிரைவர், கிளீனர், புக்கிங் ஆபீஸ், லோடு ஏற்றுகிறவர்கள், தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டுகிறவர்கள், ராத்திரி முழுக்க எரியும் டீக்கடைகள், செக்போஸ்ட்கள்... அது ஒரு தனி உலகம்.

அந்த உலகத்தையும் பாலகுமாரன் பக்கத்திலிருந்து பார்த்தார். அதுதான் 'இரும்பு குதிரைகள்' என்ற நாவலாக 'கல்கி' வார இதழில் வந்தது. அந்தக் கதையில் வருகிற ஒருவர் லாரிகளைப் பார்த்துப் பார்த்து, குதிரைகளைப் பற்றிக் கவிதை எழுதுகிறார். ஏன் குதிரை? ஒரு காலத்தில் படைக்கும் வணிகத்துக்கும் குதிரை ஓடியது. இன்றைக்கு நம் அரிசி, பருப்பு, சிமென்ட், சைக்கிள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு லாரி ஓடுகிறது. ஹெட்லைட் போட்டுக்கொண்டு இரவில் வரும் லாரியை நெடுஞ்சாலை ஓரம் நின்று ஒருமுறை பாருங்கள் (அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான்!). மூச்சு வாங்கிக்கொண்டு, கனைத்துக்கொண்டு வருவதுபோலத்தான் இருக்கும்.

இந்த நாவல்கள் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. நீங்கள் இன்னும் சில வருடம் கழித்துப் படிக்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை, புத்தகம் எங்கும் ஓடிவிடாது.

பாலகுமாரன் புகழ் பெற்றதற்கு அந்தக் காலமும் ஒரு காரணம். 1980-களில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்திருக்கவில்லை. பொழுது போக வேண்டும் என்றால் வாரப் பத்திரிகைதான். தொடர்கதையில் அடுத்த வாரம் என்ன ஆகும் என்று தெரியாமல் ஏழு நாள் தவித்திருப்பார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் துணிக்கொடியில் துணி காயப் போட்டதுபோல மாத நாவல்கள் தொங்கும். தெருவுக்கு ஒரு வாடகை நூலகம் இருக்கும். வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த பெண்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் படித்துக்கொண்டே போவார்கள். ஆபீஸில் அவர்கள் படும் சிரமத்தை எழுதியவர் என்பதால் அவர்களுக்குப் பாலகுமாரனைப் பிடித்தது. அப்படி மாதம் ஒன்று என்று எழுதித் தள்ளியதில் எல்லாமே முதல்தரம் என்று சொல்ல முடியாது. வேகமாக எழுதியது வேகமாக எழுதியதுபோலவே இருக்கும். ஆனால் மேலே சொன்ன இரண்டு நாவல்களும் நின்றுவிட்டன.

கல்லைக் கொண்டுவந்தது யார்?

இப்போது அந்தப் பாறை விஷயத்துக்கு வருவோம்.

பழமார்நேரிக்குக் கிழக்கே தஞ்சாவூரில் நிற்கிறது பெரிய கோயில். 216 அடி உயர விமானம். முதலாம் ராஜராஜ சோழன் கட்டி, 1010-ஆம் ஆண்டில் கலசம் வைத்தார். முழுக்க முழுக்கக் கருங்கல். ஆனால் தஞ்சாவூரைச் சுற்றி மலையே கிடையாதே! பஸ்ஸில் நாம் தேடிப் பார்த்தும் ஒரு பாறைகூடத் தென்படவில்லையே! அவ்வளவு கல்லும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

நாம் கோயிலுக்குப் போனால் அண்ணாந்து பார்த்து "அடேயப்பா!" என்போம். லாரியில் லோடு ஏற்றுவதையும் இறக்குவதையும் வருடக்கணக்காகப் பார்த்த ஒருவர் அண்ணாந்து பார்த்தால் என்ன கேட்பார்? "இத்தனை கல்லை யார் ஏற்றினார்கள்? எதில் ஏற்றினார்கள்? வழியில் எத்தனை மாடு படுத்தது? எத்தனை பேருக்குக் கை நசுங்கியது? அவர்களுக்குச் சோறு போட்டது யார்?" என்றுதானே கேட்பார்!

பாலகுமாரன் பிற்காலத்தில் எழுதிய 'உடையார்' என்ற நாவல் இந்தக் கேள்விகளிலிருந்து கிளம்பியது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆறு பெரிய பாகங்கள். கோயில் கட்டிய கதைதான் அதற்கு முதுகெலும்பு.

நீங்கள் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்திருக்கலாம். படமாகவாவது பார்த்திருப்பீர்கள். அதிலும் இதே ராஜராஜன்தான், அருள்மொழிவர்மன் என்ற இளைஞனாக வருவார். கல்கி அதை எழுதியது 1950 முதல் 1954 வரை. நாடு சுதந்திரம் அடைந்து சில வருடங்களே ஆகியிருந்தன. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்தவர் கல்கி. பதவி கைக்கு வந்தபோதும் அதை இன்னொருவருக்கு விட்டுக் கொடுக்கிற இளவரசனை அவர் எழுதினார். புதிதாகப் பதவிக்கு வந்தவர்கள் நிறைந்திருந்த நாட்டில், அந்தக் கதை வாசகர்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கும்!

பாலகுமாரனின் காலம் வேறு. அவர் பார்த்தது தொழிற்சாலையும் யூனியனும் லோடு லாரியும். அதே அரசரை எழுதும்போது, குதிரையில் பாயும் இளவரசனாக எழுதவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்து ஒரு பெரிய வேலையைச் செய்து முடிக்க வேண்டிய கவலையுள்ள மனிதராக எழுதினார். தச்சர்கள், படைவீரர்கள், ஆடல் மகளிர், போரில் பிடிபட்டு வந்தவர்கள், ராஜராஜனின் அரசியரில் ஒருவரான பஞ்சவன்மாதேவி என்று எல்லோரும் கதைக்குள் நடமாடுகிறார்கள். ஒரே சோழர், ஒரே காவிரி. எழுதியவர்கள் வாழ்ந்த காலம் மாறியதும் கதை எப்படி மாறிவிட்டது பாருங்கள்!

இதையெல்லாம் பாலகுமாரன் கற்பனையாகவே எழுதினாரா? பாதி கற்பனைதான், நாவல் அல்லவா! ஆனால் அவருக்குக் கைகொடுக்கக் கல்வெட்டுகள் இருந்தன. பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் ஒரு அபூர்வமான காரியம் செய்திருக்கிறார். தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார். அரச குடும்பத்தோடு நிறுத்தவில்லை. கோயிலில் ஆடிய நானூறு பெண்களின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதுகூட இருக்கிறது! குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சரின் பெயர் இருக்கிறது. முடி திருத்துபவருக்கும் அதில் இடம் உண்டு.

பஞ்சவன்மாதேவியும் கற்பனைப் பாத்திரம் இல்லை. கும்பகோணத்துக்கு அருகே பட்டீஸ்வரத்தில் அவருக்கு ஒரு பள்ளிப்படை, அதாவது நினைவுக்கோயில், இருக்கிறது. எடுத்தவர் ராஜராஜனின் மகன் ராஜேந்திர சோழன். சிற்றன்னைக்காக ஒரு மகன் எழுப்பிய கோயில்! ராஜேந்திரனைப் பற்றியும் 'கங்கை கொண்ட சோழன்' என்று நான்கு பாகங்களில் பாலகுமாரன் எழுதினார்.

தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்ற பாலகுமாரன், 2018-ஆம் ஆண்டு மே 15 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 71.

அடுத்த தடவை பெரிய கோயிலுக்குப் போனால், எல்லோரும் விமானத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். சுற்றிலும் வரி வரியாக எழுத்துகள். பெரியவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் உயரத்துக்குப் பல வரிகள் நேராகவே இருக்கும். பழைய தமிழ் எழுத்து என்பதால் உடனே படிக்க வராது. கொஞ்ச நேரம் பொறுமையாக உற்றுப் பார்த்தால் ஒரு 'க', ஒரு 'ட', ஒரு 'ப' மெல்லப் பிடிபடும். அந்த வரிகளில் ஏதோ ஒன்றில், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் வேலை பார்த்த ஒருவரின் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கிறது.